ராவுத்தரின் ஆகாயப் பாலிசி

மட்டாஞ்சேரி பஜாரில் சுக்கு வியாபாரம் செய்த சலாவுதீன் ராவுத்தர், இன்ஷூரன்ஸ் இல்லாமல் ஒரு மூட்டையைக்கூடக் கப்பல் ஏற்றியதில்லை. கடல்நீர் பட்டு நனைந்தால் என்ன கிடைக்கும், தீப்பிடித்தால் என்ன கிடைக்கும், தோணியிலிருந்து கப்பலுக்குத் தூக்கும்போது மூட்டை நழுவித் தண்ணீரில் விழுந்தால் யார் பொறுப்பு என்பதெல்லாம் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். தன் விஷயத்தில் மட்டும் அவர் அந்தப் பேச்சை அண்டவிட்டதில்லை. இன்ஷூரன்ஸ் ஏஜென்ட் முப்பிடாதி மாதம் ஒரு முறை எர்ணாகுளத்திலிருந்து படகேறி வந்து கடையில் உட்காருவார். ராவுத்தர் அவருக்குச் சாயா வாங்கிக் கொடுப்பார், ஊர் நிலவரம் கேட்பார். பேச்சு ஆயுள் பக்கம் திரும்பியதும், "நான் என்ன சுக்கு மூட்டையா?" என்று எழுந்துவிடுவார்.

முப்பிடாதி திருநெல்வேலிக்காரர். பிழைக்க வந்த ஊரில் ஏதேதோ வேலை பார்த்துவிட்டு, சர்க்கார் ஆயுள் இன்ஷூரன்ஸை எடுத்துக்கொண்ட வருடம் ஏஜென்ட் ஆனவர். ஆயுளுக்கு அந்த வேலை, விபத்துக்கு வேறொரு பம்பாய் கம்பெனியின் வேலை என்று இரண்டையும் ஒரே தோல்பையில் போட்டுக்கொண்டு அலைந்தார். கோபமே வராத மனிதர். அந்தத் தொழிலுக்கு அதுதான் முதல்.

1960-இல், மழை ஓய்ந்த சமயம், பம்பாயிலிருந்து ராவுத்தருக்கு ஒரு தந்தி வந்தது. அனுப்பிய சுக்கில் பூஞ்சணம் கண்டிருக்கிறது, சனிக்கிழமைக்குள் நேரில் வந்து பார்க்காவிட்டால் வந்த விலைக்குத் தள்ளிவிடுவேன் என்று அங்குள்ள சேட் அடித்திருந்தார். செவ்வாய்க்கிழமை கிடைத்த தந்தி. மறுநாள் ரயிலேறினாலும் எப்படியோ போய்ச் சேர்ந்துவிடலாம்தான். ஆனால் பக்கத்துக் கடை சிகாபுதீன் ஒரே ஒரு முறை விமானத்தில் மதராஸ் போய்விட்டு வந்து, இரண்டு வருடமாக பஜாரில் அதையே பேசிக்கொண்டிருந்தார். மழை வந்தாலும் விமானம், வெயில் அடித்தாலும் விமானம். ராவுத்தர் அன்று மாலையே ஆளனுப்பி விமான டிக்கெட் எடுத்துவிட்டார்.

செய்தி எப்படித்தான் கிடைத்ததோ, இருட்டுவதற்குள் முப்பிடாதி வீட்டு வாசலில் நின்றார்.

"மொதலாளி, இனியாவது ஒண்ணு எடுத்துக்கிடுங்க. ஆகாய மார்க்கம்லா."

ராவுத்தர் அன்று நல்ல மனநிலையில் இருந்தார். "செரி, என்னென்ன இருக்கு? சுருக்கமாச் சொல்லும்."

முப்பிடாதி பையைத் திறந்தார். உள்ளே கதவோரம் ராவுத்தரின் மனைவி சஃபியா வந்து நின்றுகொண்டாள்.

"முழு ஆயுள் பாலிசின்னு ஒண்ணு. நீங்க இருக்கிறவரைக்கும் கட்டணும். உங்களுக்குப் பெறவு வீட்டுல அம்மாவுக்குப் பணம் வரும். தவணை கொறச்சல்."

"அப்ப அந்தக் காசை நான் கண்ணால பாக்க முடியாது."

"முடியாது. பாக்கணும்னா எண்டோமென்ட். இருபது வருஷம் கட்டுங்க. முடியும்போது நீங்க இருந்தா உங்க கையில, நடுவுல ஏதாவது ஆச்சுன்னா அம்மா கையில. போனஸும் உண்டு. தவணை கொஞ்சம் கூடுதல்."

"பெறகு?"

"இதெல்லாம் ஆயுளுக்கு. விபத்துக்குத் தனி. வருஷப் பாலிசி எடுத்தா ரோட்டுல விழுந்தாலும் சரி, படகுல விழுந்தாலும் சரி. கை கால் முறிஞ்சு வேலை பாக்க முடியலேன்னா வாரத்துக்கு இவ்வளவுன்னு தருவாங்க. அதுக்கும் கீழ ஒண்ணு இருக்கு, ஒத்தப் பயணத்துக்கு மட்டும். அஞ்சு ரூவா. உயிருக்கு ஆபத்துன்னா பத்தாயிரம்."

"அஞ்சு ரூபாயா? அதை எழுதும்." ராவுத்தர் சற்று யோசித்தார். "ஒண்ணும் ஆகாம நான் பத்திரமா வந்துட்டா அந்த அஞ்சு ரூபா?"

"வராது மொதலாளி."

"பத்திரமா வந்து சேர்ந்ததுக்கு நான் அபராதம் கட்டறேனாக்கும்."

"சரக்கு ஒழுங்காப் போய்ச் சேர்ந்தா நீங்க கட்டின காசைத் திருப்பிக் கேக்கீங்களா?"

அப்போது கதவோரத்திலிருந்து சஃபியா கேட்டாள். "விமானப் பயணம்னா எங்கே தொடங்குது, எங்கே முடியுது? வீட்டுப் படியிலிருந்தா?"

முப்பிடாதி நிமிர்ந்து பார்த்தார். இத்தனை வருடத்தில் யாரும் அவரிடம் அப்படிக் கேட்டதில்லை. "ஏணியில கால் வச்சதிலேருந்து அம்மா. அங்கே ஏணியை விட்டு இறங்கினா முடிஞ்சுது."

"அப்ப பம்பாய் ரோட்டுல கார் இடிச்சா ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்ல. அதுக்குத்தான் வருஷப் பாலிசி. இதைவிட நாலு ரூவாதான் கூட."

"அஞ்சே போதும்," என்றார் ராவுத்தர். பணம் யாருக்கு என்ற இடத்தில் சஃபியாவின் பெயரை எழுதச் சொன்னார்.

"பத்தாயிரமா," என்றாள் சஃபியா. "சரக்கு மோசமில்ல."

மறுநாள் காலை அவர் ஒரு சின்னப் பெட்டியோடு டாக்ஸியில் தோப்பும்படி பாலத்தைத் தாண்டி வெலிங்டன் தீவு விமான நிலையத்தில் போய் இறங்கினார். இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. சும்மா உட்கார்ந்திருக்கப் பிடிக்காமல் பாலிசிக் காகிதத்தை எடுத்துப் பிரித்தார். எல்லாம் இங்கிலீஷ். பக்கத்தில் கோட்டுப் போட்ட ஒருவர் இருந்தார். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டதற்கு அவர் பொறுமையாக வாசித்து மலையாளத்தில் சொன்னார். உயிர் போனால் முழுத் தொகை. இரண்டு கண் போனாலும் முழுத் தொகை. இரண்டு கைக்கும் அப்படியே, இரண்டு காலுக்கும் அப்படியே. ஒரு கையும் ஒரு காலும் போனால் அதுவும் முழுசு. ஒரு கண் மட்டும் என்றால் பாதி, எலும்பு முறிந்தால் அதற்கும் கொஞ்சம்.

ராவுத்தர் காகிதத்தை வாங்கி மடித்தார். அதுவரை அவருக்குப் பயம் என்று ஒன்று இல்லை. இப்போது வெளியே நின்ற விமானத்தைப் பார்த்தார். இறக்கைக்குக் கீழே ஒரு ஆள் ஏணி போட்டு நின்று எதையோ சுத்தியலால் தட்டிக்கொண்டிருந்தான். தட்டிவிட்டுத் தலையைச் சாய்த்துப் பார்த்தான். மறுபடியும் தட்டினான். பிறகு விமானத்தின் இன்ஜினைக் கிளப்பிப் பார்த்தார்கள். இறக்கை முழுக்க நடுங்கியது. தன் இரண்டு கைகளும் மடியில் கிடப்பதை ராவுத்தர் குனிந்து பார்த்தார்.

கவுன்டரில் போய் வயிற்றுவலி என்றார். அந்த ஆள் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு மறுபேச்சில்லாமல் டிக்கெட்டை ரத்து செய்தான். ஹார்பர் டெர்மினஸ் ரயில் நிலையம் அதே தீவில், நடந்து போகும் தூரத்தில்தான் இருந்தது. மதியம் கிளம்பும் ரயிலில் முதல் வகுப்பில் இடம் கிடைத்தது. ரயில் கிளம்பி, காயலும் தென்னைமரங்களும் பின்னால் நகர ஆரம்பித்ததும்தான் அவருக்கு மூச்சு சீராக வந்தது.

அரக்கோணத்தில் பம்பாய் மெயிலுக்கு மாறினார். அதில் அவருக்குக் கிடைத்தது மேல் பெர்த். வியாழக்கிழமை மதியம், குந்தக்கல் தாண்டி, சாப்பாடு முடிந்து, ஜன்னலோரம் உட்கார்ந்திருக்க முடியாத வெயில். ஏறிப் படுத்தார். நல்ல தூக்கம். ரயில் எதற்கோ சடாரென்று நின்றது. ஆகாயத்திலிருந்து விழப் பயந்த மனிதர் ஐந்தடி உயரத்திலிருந்து கீழே வந்து விழுந்தார், இடது கை அடியில் மாட்டிக்கொள்ள.

ராய்ச்சூரில் ரயில்வே டாக்டர் வந்து பார்த்து, மணிக்கட்டு எலும்பு முறிந்திருக்கிறது என்று மூங்கில் தப்பை வைத்துக் கட்டி, ஒரு சீட்டும் எழுதிக் கொடுத்தார்.

இதில் ஒரு நன்மையும் நடந்தது. கழுத்தில் கட்டிய துணியில் கையைத் தொங்கவிட்டபடி சனிக்கிழமை காலை கடைக்குள் நுழைந்த ராவுத்தரைப் பார்த்ததும், சண்டைக்குத் தயாராக இருந்த சேட் எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டார். உடைந்த கையோடு ஒரு மனிதன் இவ்வளவு தூரம் வந்திருக்கிறான் என்பதே அவருக்குப் போதுமானதாக இருந்தது. இருவரும் மூட்டைகளைப் பிரித்துப் பார்த்து, கெட்டதை ஒதுக்கி, மீதிக்கு நியாயமான ஒரு விலை பேசி முடித்தார்கள்.

திரும்பும்போது ரயிலில் ஏறியதற்கு ஊரில் சொல்லக் காரணம் தயாராக இருந்தது. கட்டுப்போட்ட கையோடு விமானத்தில் ஏற்ற மாட்டார்கள். கை எப்படி உடைந்தது என்பதற்குத்தான் அவர் வழியெல்லாம் யோசித்தார். கீழ்பெர்த்தில் உட்கார்ந்து யோசித்தார். வீட்டுக்குள் நுழைந்ததும் சஃபியா கையைப் பார்த்துப் பதறிப்போய் என்ன ஆயிற்று என்று கேட்டபோது, "பம்பாயில் விமானத்து ஏணியில் இறங்கறப்ப கால் வழுக்கிருச்சு," என்றார். அந்த நேரத்தில் அது நல்ல பொய்யாகத் தோன்றியது.

மறுநாளிலிருந்து கடையில் கூட்டம். ராவுத்தர் முதலில் கொஞ்சமாகத்தான் சொன்னார். கேட்கக் கேட்கக் கூடியது. மேகம் கீழே பஞ்சு மூட்டையை அவிழ்த்துக் கொட்டியதுபோல் கிடந்தது என்றார். ஆறெல்லாம் வெள்ளிக் கம்பி என்றார். சிகாபுதீன் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார்.

"காதுக்குப் பஞ்சு குடுத்தாங்களா?" என்றார்.

"காதுக்கா?" ராவுத்தர் ஒரு கணம் தடுமாறினார். "குடுத்தாங்க. நான் வேண்டாம்னுட்டேன்."

"வேண்டாம்னுட்டீங்களா. காது வலிச்சிருக்குமே."

"கொஞ்சம் வலிச்சுது."

வீட்டிலும் சஃபியா சாப்பாடு பரிமாறும்போதெல்லாம் கேட்டாள். மேகத்துக்குப் பக்கத்தில் குளிருமா, பறவைகள் கூட வருமா என்றெல்லாம் கேட்டாள். ராவுத்தர் சளைக்காமல் சொன்னார். ஒரு நாள் மீன் குழம்பை ஊற்றிக்கொண்டே, "பம்பாய் விமானம் ராய்ச்சூர் வழியாவா போகுது?" என்றாள்.

ராவுத்தர் மீன் முள்ளைத் தேடுவதுபோல் தட்டைக் கிளறினார். "மேலே போறப்ப கீழே எந்த ஊருன்னு யாருக்குத் தெரியும்?"

"அதுவும் சரிதான்," என்றாள் சஃபியா. "ஆகாயத்துல போர்டா வச்சிருக்கு."

ஒரு வாரம் கழித்து முப்பிடாதி வந்தார். வரும்போதே முகம் மலர்ந்திருந்தது. சாயாவுக்குக்கூடக் காத்திருக்காமல் பையிலிருந்து நீளமான ஒரு படிவத்தை எடுத்து மேஜைமேல் விரித்தார்.

"மொதலாளி, ஏணியில விழுந்தீங்கன்னு கேள்விப்பட்டேன். வருத்தமா இருந்துச்சு. அதே சமயம் பாலிசியில அது சேரும். ஏணியில கால் வச்சதிலேருந்துன்னு அன்னைக்கே அம்மாகிட்டச் சொன்னேன்லா? கை முறிவுக்கு உண்டான பணத்தை வாங்கித் தாரேன்."

"எனக்கு எதுக்கய்யா அந்தக் காசு. விட்டுடும்."

"விடக் கூடாது. விபத்துப் பாலிசியில நான் எழுதி, காசு வாங்கிக் குடுக்கப் போற மொத ஆளு நீங்கதான். பஜார்ல எல்லாரும் பாத்துக்கிட்டு இருக்காங்க. சிகாபுதீன் மொதலாளியே எனக்கும் ஒண்ணு எழுதுன்னுட்டாரு." முப்பிடாதி பேனாவைத் திறந்தார். "விமானம் எத்தனை மணிக்கு இறங்கிச்சு? ஏணியில எத்தனாவது படி? பாத்தவங்க யாராவது உண்டா?"

ராவுத்தருக்குக் கை வலித்தது, தலை வலித்தது, கடையில் அவசர வேலை வந்தது. நாளைக்குப் பார்க்கலாம் என்றார்.

"சரி. நீங்க செரமப்பட வேண்டாம். எர்ணாகுளத்துல விமானக் கம்பெனி ஆபீஸுக்கு நானே போயி, நீங்க பிரயாணம் செஞ்சதுக்கு ஒரு சர்டிபிகேட் வாங்கிட்டு நாளைக்கு வாரேன். நீங்க கையெழுத்து மட்டும் போட்டாப் போதும்," என்று சொல்லி படிவத்தை அவரிடமே விட்டுவிட்டு முப்பிடாதி படகைப் பிடிக்கப் போனார்.

ராவுத்தர் அன்று சீக்கிரமே கடையைச் சாத்தினார். வீட்டுக்கு வந்து படிவத்தை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். சஃபியா சாயாவைக் கொண்டுவந்து வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"கையெழுத்துப் போடப் போறீங்களா?"

"இல்ல." அவர் யோசிக்காமலே சொன்னார். "ஈரச் சுக்கை ஈரம்னு சொல்லித்தான் இதுவரை வித்திருக்கேன். பொய்க் கடுதாசியில கையெழுத்துப் போட்டதில்ல." சொல்லிவிட்டு, எதைச் சொல்லிவிட்டோம் என்று உணர்ந்து வாயை மூடிக்கொண்டார்.

சஃபியா எழுந்து போய் அஞ்சறைப் பெட்டிக்கு அடியிலிருந்து நாலாக மடித்த ஒரு சீட்டை எடுத்து வந்து படிவத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். ராய்ச்சூர் ரயில்வே டாக்டர் எழுதிய சீட்டு. "ஜிப்பாவைத் துவைக்கப் போட்டப்ப பையில கிடந்துச்சு. ஊர் பேரும் தேதியும் படிக்கிற அளவுக்கு எனக்கு இங்கிலீஷ் தெரியும்."

"வந்த அன்னைக்கேவா?"

"வந்த அன்னைக்கேதான்."

"இத்தனை நாளா ஏன் கேக்கல?"

"மேகத்தைப் பத்தி அவ்வளவு நல்லாச் சொல்லிட்டு இருந்தீங்க. நடுவுல நிறுத்த மனசு வரல."

ராவுத்தருக்குச் சிரிப்பு வரவில்லை. சாயா டம்ளரையே பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார். விமானத்தைக் கண்டு பயமில்லை, அந்தக் காகிதத்தைக் கண்டுதான் பயம் வந்தது. கண்ணுக்கு இவ்வளவு, காலுக்கு இவ்வளவு என்று வரிசையாக எழுதி, கடைசியில் உன் பெயரைப் போட்டிருந்தது. என் கையையும் காலையும் விற்ற காசை நீ வாங்கப் போய் நிற்பதுபோல் இருந்தது. அதற்குமேல் அந்த ஏணிப் பக்கம் கால் போகவில்லை.

சஃபியா அவருடைய கட்டுப்போட்ட கையை எடுத்துத் தலையணைமேல் வைத்தாள். பிறகு, "பத்தாயிரத்தையும் வச்சு நான் என்ன செஞ்சிருப்பேன்னு நினைச்சீங்க? முழுசுக்கும் சுக்கு வாங்கிப் போட்டு, உங்களைத் திட்டிக்கிட்டே காவல் இருந்திருப்பேன்," என்றாள். "நாளைக்கு முப்பிடாதி வந்தா நடந்ததைச் சொல்லிடுங்க. பாவம், நல்ல மனுஷன்."

மறுநாள் முப்பிடாதி வந்தபோது, பார்த்து வந்ததுபோல் சிகாபுதீனும் கடையில் இருந்தார். ராவுத்தர் அவரைப் போகச் சொல்லலாமா என்று யோசித்து, வேண்டாம் என்று விட்டுவிட்டார். ஹார்பர் டெர்மினஸிலிருந்து மேல் பெர்த் வரைக்கும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தார். யாரும் சிரிக்கவில்லை. சிகாபுதீன் மட்டும் இருமினார், நெடுநேரம்.

முப்பிடாதியின் முகத்தில் உண்மையான துக்கம் தெரிந்தது. "மேல் பெர்த்தா? வருஷப் பாலிசியில அதுவும் சேருமே மொதலாளி. நாலு ரூவா," என்று நாலு விரலைக் காட்டிவிட்டு மடக்கிக்கொண்டார். "விமானக் கம்பெனியில உங்க பேருக்கு நேரா டிக்கெட் ரத்துன்னுதான் இருக்குன்னாங்க. அவங்க தப்பா எழுதிட்டாங்கன்னு அரை மணி நேரம் சண்டை போட்டுட்டு வந்திருக்கேன்."

ராவுத்தர் தலையைக் குனிந்துகொண்டார். அந்தச் சண்டைதான் அவரை மிகவும் சுட்டது.

ராவுத்தர் திருப்பிக் கொடுத்த படிவத்தை மடித்துப் பையில் வைக்கப் போன முப்பிடாதி, பாதியில் நிறுத்தினார். "ஆனா ஒண்ணு. நீங்க ஏணியில காலே வைக்கலையே. அப்ப பாலிசி தொடங்கவே இல்ல. எழுதிக் கேட்டா அஞ்சு ரூவாயைத் திருப்பித் தருவாங்க."

"எழுதியா?"

"விமானத்தில் ஏறவில்லைன்னு நீங்க கையால எழுதித் தரணும். சாட்சிக்கு ஒருத்தர் கையெழுத்து வேணும்."

"சாட்சிக்கு நான் போடறேன்," என்றார் சிகாபுதீன், யாரும் கேட்பதற்கு முன்பே.

ராவுத்தர் எழுதிக் கொடுத்தார். ஐந்து ரூபாய்க்காக இல்லை. ஒரு தடவை எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டால் இனி யாரிடமும் மேகத்தைப் பற்றிப் பேச வேண்டியிருக்காது என்றுதான். அன்று சாயங்காலத்துக்குள் பஜாரில் அத்தனை பேருக்கும் விஷயம் தெரிந்துவிட்டது. அவரைப் பார்த்ததும் சிலர் காதில் பஞ்சு வைத்துக்கொள்வதுபோல் காட்டினார்கள். ராவுத்தர் இரண்டு நாள் முறைத்தார், மூன்றாம் நாள் தானும் சிரித்தார்.

எண்டோமென்ட் எடுக்கலாம் என்று முதலில் சொன்னது சஃபியாதான். "இருந்தா உங்க கையில, இல்லேன்னா என் கையில. கை கால் கணக்கெல்லாம் அதுல கிடையாது," என்றாள். அவளே முப்பிடாதியிடம் தவணை, போனஸ், நடுவில் கட்ட முடியாமல் போனால் என்ன ஆகும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். முப்பிடாதி அவள் கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லி முடித்தபோது, அந்த ஏஜென்சியை இவளுக்கே கொடுத்துவிடலாமோ என்று ராவுத்தருக்குத் தோன்றியது.

பாலிசிக்கு முன்னால் டாக்டர் பார்க்க வேண்டும். கையில் கட்டுப் பிரித்த பிறகு ஒரு காலை வேளையில் இருவரும் சுள்ளிக்கலில் இருந்த டாக்டரிடம் போனார்கள். டாக்டர் நெஞ்சில் குழல் வைத்துப் பார்த்தார், வயிற்றைச் சுற்றி நாடா வைத்து அளந்தார். அளவைக் கேட்டுச் சஃபியா வெளியே பார்த்துக்கொண்டாள். கடைசியில் டாக்டர், கடந்த மூன்று வருடத்தில் ஏதாவது விபத்து உண்டா என்று கேட்டார்.

"உண்டு," என்றார் ராவுத்தர். "ரயில்ல, மேல் பெர்த்திலிருந்து விழுந்தேன். ராய்ச்சூர் பக்கம்."

டாக்டர் அதை அப்படியே எழுதிக்கொண்டு மையை ஒற்றினார். எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது, அரிசிச்சோற்றை மட்டும் கொஞ்சம் குறைக்கலாம் என்றார்.

வெளியே வந்து நடந்தபோது சஃபியா கேட்டாள். "இருபது வருஷம் கழிச்சுப் பணம் வரும். என்ன செய்யப் போறீங்க?"

அப்போது தனக்கு அறுபத்தாறு வயது என்று ராவுத்தர் மனதுக்குள் கணக்குப் போட்டார். அந்த வயதில் தான் எப்படி இருப்போம் என்று அதுவரை அவர் யோசித்ததே இல்லை. "தெரியல. அதுவரைக்கும் நீ என்னைக் கேலி பண்ணாம இருந்தா நிதானமா யோசிச்சுச் சொல்றேன்."

அதற்கு அவள் வாக்குக் கொடுக்கவில்லை. தெரு முக்கில் ஒருத்தி கூடையில் புது மத்தி மீன் வைத்து விற்றுக்கொண்டிருந்தாள். சஃபியா நின்று விலை கேட்டாள். ராவுத்தர் பக்கத்தில் நிழலில் ஒதுங்கி, அவள் பேரம் பேசி முடிக்கட்டும் என்று காத்துக்கொண்டு நின்றார்.